ஸ்டெதஸ்கோப்பை இறக்கி வைத்தவர்: பேராசிரியர் அஜீஸ் சன்ஜாரின் வாழ்வும் ஆய்வும்

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று தெரிந்துவிட்டால் போதும். "இவனை டாக்டருக்குப் படிக்க வைக்க வேண்டும்" என்ற பேச்சு தொடங்கிவிடும். அதில் தவறு ஏதும் இல்லை. நோயாளியின் கைபிடித்துப் பார்க்கும் தொழில் மரியாதைக்குரியது, வருமானமும் நிலையானது. ஆனால் அப்படி டாக்டராகி, சொந்த ஊருக்கே வந்து வைத்தியம் பார்க்கத் தொடங்கிய பிள்ளை, இரண்டாண்டு கழித்து ஸ்டெதஸ்கோப்பை இறக்கி வைத்துவிட்டு, "நான் பாக்டீரியாவை ஆராயப் போகிறேன்" என்று சொன்னால் நம் வீட்டில் என்ன நடக்கும்? அத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வார். அம்மா அழுவார். சொந்தக்காரர்கள் யாரையாவது விட்டுப் புத்திமதி சொல்லச் சொல்வார்கள்.

துருக்கியின் ஒரு மூலையில், எழுதப் படிக்கத் தெரியாத தாய் தந்தையரின் பிள்ளை ஒருவர் 1971இல் அந்த முடிவை எடுத்தார். நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2015 அக்டோபர் 7ஆம் நாள் விடிவதற்கு முன்பே அவர் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த அழைப்பு அது. அந்த ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு அவருக்கும் மேலும் இருவருக்கும் வழங்கப்படுவதாகச் செய்தி. அவர்தான் அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராகப் பணியாற்றும் அஜீஸ் சன்ஜார். ஆங்கில எழுத்துகளைப் பார்த்து நம் ஏடுகள் சில 'சன்கார்' என்று எழுதின. துருக்கி மொழியில் அந்த எழுத்துக்கு 'ஜ' ஓசைதான். எனவே சன்ஜார் என்பதே சரி.

பொன்விழா மலரில் இவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு நோபெல் பரிசு மட்டும் காரணமன்று. பெரிய குடும்பம், படிக்காத பெற்றோர், போன நாட்டில் மொழி தெரியாத தனிமை, அடுத்தடுத்து வந்த மறுப்புக் கடிதங்கள் என்று அவர் வாழ்க்கையில் வருபவை எல்லாம் நாம் நம் வீட்டுப் பெரியவர்களின் வாழ்க்கையில் கண்டவையே. அவர் அவற்றை எப்படிக் கடந்தார் என்பதும், கடந்து எதைக் கண்டுபிடித்தார் என்பதும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியவை.

சவூரில் ஒரு வீடு

துருக்கியின் தென்கிழக்கில், சிரியா எல்லைக்கு அருகே மார்தின் மாநிலம் இருக்கிறது. அதிலுள்ள சிற்றூர் சவூர். அங்கே 1946 செப்டம்பர் 8ஆம் நாள் ஒரு விவசாயக் குடும்பத்தில் அஜீஸ் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் அவர் ஏழாமவர். தந்தைக்கும் தாய்க்கும் எழுத்து வாசனை கிடையாது. ஆனால் பிள்ளைகள் எல்லோரும் படித்தே தீர வேண்டும் என்பதில் இருவரும் உறுதியாக இருந்தார்கள்.

இந்த உறுதிக்குப் பின்னால் ஒரு நாட்டின் வரலாறும் இருக்கிறது. 1923இல் துருக்கிக் குடியரசு உருவானபோது, அந்நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். 1928இல் துருக்கி மொழியை அரபு எழுத்துகளுக்குப் பதிலாக லத்தீன் எழுத்துகளில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. நகரத்துக்காரர்கள் புதிய எழுத்தைக் கற்றுக்கொண்டார்கள். தொலைவிலுள்ள கிராமங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆசிரியர்கள் இல்லை. அதற்காகவே 1940இல் 'கிராமக் கல்விக்கூடங்கள்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. கிராமத்துப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்து, பாடங்களோடு விவசாயம், தச்சு, கட்டட வேலை எல்லாம் பழக்கி, ஆசிரியர்களாக்கிக் கிராமங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். 1954இல் அரசியல் காரணங்களால் அந்தக் கூடங்கள் மூடப்பட்டன. ஆனால் அவற்றில் படித்து வெளிவந்த ஆசிரியர்கள் நாடெங்கும் வகுப்புகளில் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். சவூரில் தமக்குப் பாடம் சொல்லித் தந்தவர்கள் அத்தகைய இலட்சிய ஆசிரியர்களே என்று சன்ஜார் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் பிறந்த அதே 1946இல்தான் சிங்கப்பூரில் கடையநல்லூர் மக்களின் முயற்சியால் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி உருவானது. மசாலா அரைத்தும் மூட்டை சுமந்தும் பிழைத்த தஞ்சோங் பகார்ப் பெற்றோர், தமக்குக் கிட்டாத படிப்பு தம் பிள்ளைகளுக்குக் கிட்ட வேண்டும் என்று நினைத்த காலம் அது. இடம் வேறு, மொழி வேறு, எண்ணம் ஒன்றுதான்.

சிறுவன் அஜீஸுக்குப் படிப்போடு இன்னொரு ஆசையும் இருந்தது. அவர் நல்ல கோல்காப்பாளர். உயர்நிலைப் பள்ளிக் காலத்தில் நாட்டின் இளையோர் காற்பந்து அணிக்கான தேர்வு வரை அவர் பெயர் போனது. ஆனால் கோல்கம்பத்துக்கு நடுவே நிற்கத் தம் உயரம் போதாது என்று அவரே கணக்குப் போட்டு, பந்தை விட்டுவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். தன்னைத் தானே அளந்து பார்க்கும் இந்தப் பழக்கம் அவருக்கு வாழ்நாள் முழுவதும் கைகொடுத்தது.

மருத்துவமா, வேதியியலா?

பள்ளி முடிந்தபோது அவர் மனம் வேதியியலில்தான் இருந்தது. மருத்துவத்திலும் இடம் கிடைத்தது. உடன் படித்த நண்பர்கள் மருத்துவத்துக்குப் போகிறோம், நீயும் வா என்றார்கள். 1963இல் சவூரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள இஸ்தான்புல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அங்கே இரண்டாம் ஆண்டில் உயிர்வேதியியல் பாடம் தொடங்கியது. உயிரணுவுக்குள் நடப்பவை எல்லாம் வேதிவினைகளே என்பதையும், மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ. இரட்டைச் சுருள் வடிவம் கொண்டது என்பதையும் அவர் அங்கேதான் கற்றார். அந்த வடிவத்தை வாட்சனும் கிரிக்கும் வெளியிட்டு அப்போது பத்தாண்டு சொச்சமே ஆகியிருந்தது. பள்ளியில் விட்டு வந்த வேதியியல் மருத்துவக் கல்லூரிக்குள்ளேயே வந்து அவரை மறுபடி அழைத்தது. தம் வாழ்க்கை இதுதான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

1969இல் மிகச் சிறந்த மாணவராக வெளியே வந்தார். உடனே ஆய்வுக்குப் போக விரும்பியவரிடம், முதலில் சில காலம் மருத்துவம் பார்த்துவிட்டு வா என்று பேராசிரியர் அறிவுரை சொன்னார். சன்ஜார் அதைக் கேட்டுக்கொண்டு சவூர்ப் பகுதிக்கே திரும்பினார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கிராம மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். படித்த பிள்ளை ஊருக்கே டாக்டராக வந்துவிட்டது. எந்தப் பெற்றோருக்கும் இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் அவருக்கு வேண்டியது வேறாக இருந்தது.

போனார், திரும்பினார், மறுபடி போனார்

1971இல் உபகாரச் சம்பளம் பெற்று அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். பெரிய பெயர் பெற்ற இடம். ஆனால் அந்தப் பயணம் சரியாக அமையவில்லை. ஆங்கிலம் அவருக்குப் பழக்கமில்லை. பாடத்தைப் புரிந்துகொள்ள முடிந்தது. மனிதர்களோடு பழகத்தான் முடியவில்லை. இரண்டாண்டுகூட முடியாமல் ஊர் திரும்பினார்.

இந்த இடத்தில் கதை முடிந்திருக்கலாம். ஊரில் மருத்துவர் வேலை காத்திருந்தது. ஆனால் ஹாப்கின்ஸில் இருந்தபோது அவர் காதில் விழுந்த ஓர் ஆய்வு அவரை விடவில்லை. அந்த ஆய்வை அங்கே நடத்தி வந்த ஸ்டான்லி ரூபர்ட் என்ற பேராசிரியர், டெக்சஸ் மாநிலத்தின் டாலஸ் நகரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியிருந்தார். சன்ஜார் துருக்கியிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதினார். இடம் கிடைத்தது. 1973இல் மறுபடி புறப்பட்டார்.

வெளிச்சம் செய்த வைத்தியம்

அவரை விடாமல் பிடித்த அந்த ஆய்வு எது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் நான்கு வகை 'எழுத்துகள்' வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் தைமின். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் படும்போது, அடுத்தடுத்து நிற்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஜிப்பின் இரண்டு பற்கள் சேர்ந்து உருகிப்போனால் ஜிப் எப்படிச் சிக்கிக்கொள்ளுமோ அப்படி அந்த இடத்தில் டி.என்.ஏ.வைப் படிப்பதும் படியெடுப்பதும் தடைப்படும். தவறாகப் படித்தால் அது புற்றுநோய்க்கு வித்தாகலாம்.

1949இல் ஆல்பர்ட் கெல்னர் என்ற அமெரிக்க ஆய்வாளர், புற ஊதாக் கதிரால் நுண்ணுயிர்களைக் கொன்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே அளவு கதிரைச் செலுத்தினாலும் பிழைப்பவற்றின் எண்ணிக்கை ஒரு நாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி இருந்தது. வெப்பநிலைதான் காரணமோ என்று ஆராய்ந்து பார்த்தார், அது இல்லை. கடைசியில் தெரிந்தது, காரணம் சாதாரண வெளிச்சம் என்று. கதிர் பட்டுச் சாகவேண்டிய நுண்ணுயிர்கள், பிறகு வெளிச்சத்தில் வைத்தால் பிழைத்துக்கொண்டன. புற ஊதாக் கதிர் கெடுத்ததைக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், குறிப்பாக நீல ஒளி, சரிசெய்தது. பின்னர் 1950களில் ரூபர்ட், இந்த வேலையைச் செய்வது ஒரு நொதி என்று காட்டினார். அதற்கு ஃபோட்டோலையேஸ் என்று பெயர்.

ஆனால் அந்த நொதி எப்படி வேலை செய்கிறது என்று யாராலும் ஆராய முடியவில்லை. காரணம் எளிது. ஒரு பாக்டீரியாவுக்குள் அது பத்திலிருந்து இருபது மூலக்கூறுகள் மட்டுமே இருந்தது. ஆராயும் அளவுக்குப் பிரித்தெடுக்க வழியே இல்லை. 1970களின் தொடக்கத்தில்தான் ஒரு மரபணுவை வெட்டி எடுத்து இன்னோர் உயிரணுவில் வைத்துப் பெருக்கும் நுட்பம் வந்தது. அந்தப் புதிய நுட்பத்தைக் கொண்டு, 1976இல் சன்ஜார் ஃபோட்டோலையேஸின் மரபணுவைத் தனியே பிரித்தெடுத்தார். பாக்டீரியாக்களைக் கொண்டே அந்த நொதியைப் பேரளவில் உருவாக்கவும் செய்தார். அதுவே அவருடைய முனைவர் பட்ட ஆய்வு.

மூன்று மறுப்புகள்

இவ்வளவு செய்தவருக்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது நேர்மாறு. 1977இல் பட்டம் பெற்று மேல் ஆய்வுக்காக மூன்று ஆய்வுக்கூடங்களுக்கு விண்ணப்பித்தார். மூன்றும் மறுத்துவிட்டன.

மருத்துவப் பட்டம் ஒன்று, முனைவர் பட்டம் ஒன்று கையில் இருக்க, முப்பத்தோரு வயதில் அவர் யேல் பல்கலைக்கழகத்தில் டீன் ரப் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் தொழில்நுட்ப உதவியாளர் வேலையில் சேர்ந்தார். டாக்டர் சன்ஜாராக ஊரில் மதிப்போடு இருந்திருக்கக்கூடியவர், அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்கூடத்தின் உதவியாளர். டி.என்.ஏ. பழுதுபார்ப்பு ஆய்வில் தொடர்ந்து இருக்க வேறு வழி இல்லை என்பதால் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். தாம் அதுவரை வளர்த்த ஃபோட்டோலையேஸ் ஆய்வையும் அப்போதைக்கு ஒதுக்கி வைக்க வேண்டியதாயிற்று.

யேலில் நடந்த ஆய்வு, வெளிச்சம் தேவைப்படாத இன்னொரு பழுதுபார்ப்பைப் பற்றியது. இருட்டிலும் பாக்டீரியாக்கள் தம் டி.என்.ஏ.வைச் சரிசெய்துகொள்கின்றன, கெட்டுப்போன துண்டு வெட்டி எறியப்படுகிறது என்று 1964லேயே தெரிந்திருந்தது. அதற்கு யுவிஆர் ஏ, யுவிஆர் பி, யுவிஆர் சி என்ற மூன்று மரபணுக்கள் தேவை என்பதும் தெரிந்திருந்தது. அந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் எவை, அவை எப்படி வெட்டுகின்றன என்பதுதான் தெரியாதிருந்தது.

புரதத்தைக் கண்டுபிடிக்க சன்ஜார் ஒரு கெட்டிக்கார வழியை உருவாக்கினார். பழுதுபார்க்கும் திறன் இல்லாத பாக்டீரியாவை எடுத்து, அதற்குள் தமக்கு வேண்டிய மரபணுவை ஒரு சிறிய வளைய டி.என்.ஏ.வில் வைத்தார். பிறகு புற ஊதாக் கதிரைச் செலுத்தினார். பாக்டீரியாவின் நீண்ட டி.என்.ஏ.வில் கதிர் பல இடங்களில் பட்டு அது சிதைந்துபோயிற்று. சிறிய வளையமோ அளவில் சிறியதால் பெரும்பாலும் தப்பித்தது. இப்போது அந்த உயிரணுவில் உருவாகும் புரதம் எல்லாம் அந்த ஒரு வளையத்திலிருந்து வந்ததுதான்! அதை எளிதாக அடையாளம் கண்டுவிடலாம். 'மாக்ஸிசெல்' எனப்படும் இந்த முறை 1979இல் வெளிவந்தது. உலகெங்கும் பல ஆய்வுக்கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன. அந்த முறையைக் கொண்டு மூன்று மரபணுக்களின் புரதங்களையும் அடுத்தடுத்து இனங்கண்டார்.

இந்தக் காலத்தில்தான், டாலஸில் உடன் பயின்ற க்வென் போல்ஸை 1978இல் மணந்தார். க்வென்னும் உயிர்வேதியியலாளர்; ஈஸ்ட்டிலுள்ள ஃபோட்டோலையேஸ் பற்றிய ஆய்வில் தமக்கென ஓர் இடம் பெற்றவர். பிற்காலத்தில் வட கரோலினாவில் அவரும் பேராசிரியரானார்.

தையற்காரர் வெட்டுவதுபோல

1982இல் சன்ஜாருக்கு வட கரோலினாவின் சேப்பல் ஹில் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணி கிடைத்தது. அதன் பிறகு அவர் இடம் மாறவே இல்லை. சில மாதங்களிலேயே, 1983இல், ரப்போடு சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை பழுதுபார்ப்பு எப்படி நடக்கிறது என்பதைக் காட்டியது.

கைலியில் நெருப்புப் பொறி பட்டு ஓட்டை விழுந்தால் தையற்காரர் என்ன செய்கிறார்? கருகிய புள்ளியை மட்டும் கிள்ளி எடுப்பதில்லை. அதற்கு இரு பக்கமும் கொஞ்சம் நல்ல துணியையும் சேர்த்து நேராக வெட்டி எடுத்துவிட்டு, அதே அளவு துண்டை வைத்துத் தைக்கிறார். பாக்டீரியாவும் அப்படியே செய்கிறது. பழுதின் ஒரு பக்கத்தில் மட்டும் முதலில் வெட்டு விழுகிறது என்றே அதுவரை நினைத்திருந்தார்கள். சன்ஜார் காட்டியது, பழுதின் இரு பக்கமும் வெட்டு விழுகிறது என்பதை. 12 அல்லது 13 எழுத்து நீளமுள்ள துண்டு முழுதாகக் கழன்று வருகிறது. எதிர் இழை ஒழுங்காக இருப்பதால், அதைப் பார்த்துப் புதிய துண்டு நெய்யப்பட்டு இடைவெளி மூடப்படுகிறது.

அடுத்த கேள்வி மனிதரைப் பற்றியது. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற அரிய பரம்பரை நோய் உண்டு. அந்நோயுள்ள குழந்தைகள் வெயிலில் போகவே கூடாது. போனால் இளம் வயதிலேயே தோல் புற்றுநோய் வரும். அவர்களிடம் டி.என்.ஏ. பழுதுபார்ப்பு நடப்பதில்லை என்பதை 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். நல்ல உடல்நிலையில் உள்ளவரிடம் அது எப்படி நடக்கிறது? 1992இல் சன்ஜாரின் குழு விடை சொன்னது. மனித உயிரணுவிலும் இரு பக்க வெட்டுதான்; ஆனால் துண்டின் நீளம் முப்பது எழுத்துக்குச் சற்றுக் குறைவு. பாக்டீரியாவில் மூன்று புரதங்கள் செய்த வேலைக்கு மனிதரில் பதினைந்துக்கும் மேற்பட்ட புரதங்கள் தேவைப்படுகின்றன. 1995இல் அந்தப் புரதங்களைத் தூய்மைப்படுத்தி, சோதனைக் குழாயில் ஒன்றுசேர்த்து, அதே வேலையைச் செய்ய வைத்துக் காட்டினார்கள்.

நாம் வாழ்வது நிலநடுக்கோட்டுக்கு அருகே. நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தொடும் நாள்கள் இங்கே சாதாரணம். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்து போய் வருவதற்குள் நம் தோலின் உயிரணுக்களில் தைமின்கள் ஒட்டிக்கொள்கின்றன. நமக்குத் தெரியாமலே அவை வெட்டி எடுக்கப்பட்டுச் சரிசெய்யப்படுகின்றன. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று இன்று பாடநூல்களில் இருப்பது, மூன்று இடங்களில் மறுக்கப்பட்ட ஒருவர் தேடித் தந்தது.

விமானத்தில் படித்த கட்டுரை

ஒதுக்கி வைத்த ஃபோட்டோலையேஸையும் அவர் மறக்கவில்லை. சொந்த ஆய்வுக்கூடம் அமைந்ததும் அதை மறுபடி எடுத்தார். அந்த நொதி நீல ஒளியை வாங்கி, ஒட்டிக்கொண்ட தைமின்களை எவ்வாறு பிரிக்கிறது என்பதைப் படிப்படியாகக் கண்டார். மனிதருக்கு இந்த நொதி இல்லை என்பதை 1993இல் காட்டினார். ஆனால் அதைப் போன்றே தோற்றமளிக்கும், பழுதுபார்க்காத புரதங்கள் மனிதரிடம் இருப்பது பின்னர் தெரியவந்தது. அவை எதற்கு?

1996இல் துருக்கியிலிருந்து அமெரிக்கா திரும்பும் விமானத்தில், இருக்கையில் வைத்திருந்த இதழைப் புரட்டினார். நீண்ட பயணத்தால் தூக்கம் கெடுவதைப் பற்றிய கட்டுரை ஒன்று இருந்தது. உடலுக்குள் ஒரு கடிகாரம் உண்டு, வெளிச்சம் அதைத் திருத்துகிறது என்று படித்தபோது, நம்மிடம் உள்ள அந்தப் புரதங்களின் வேலை இதுவாக இருக்குமோ என்று தோன்றியது. 'கிரிப்டோக்ரோம்' எனப் பெயர் பெற்ற அந்தப் புரதங்கள் பாலூட்டிகளின் உடற்கடிகாரத்தில் இன்றியமையாதவை என்பது 1998இல் எலிகளிடம் செய்த சோதனையால் உறுதியானது.

பிறகு அவருடைய இரண்டு பாதைகளும் ஒன்றுசேர்ந்தன. பழுதுபார்ப்பும் கடிகாரப்படி ஏறி இறங்குகிறது என்று அவர் குழு கண்டது. எலிகளுக்கு விடியற்காலை 4 மணிக்குப் புற ஊதாக் கதிரைச் செலுத்தினால், மாலை 4 மணிக்குச் செலுத்தியதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு தோல் புற்றுநோய் வந்தது என்று 2011இல் வெளியிட்டார்கள். சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்துகள் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தித்தான் வேலை செய்கின்றன. அச்சேதத்தை நீக்குவதும் இதே வெட்டும் முறைதான். எனவே மருந்தை எந்த நேரத்தில் கொடுப்பது நல்லது என்ற கேள்வியும் எழுந்திருக்கிறது. இது இன்னும் ஆய்வு நிலையில் இருப்பது. சிகிச்சையில் உள்ள நம்மவர்கள் மருத்துவர் சொல்லும் நேரத்தையே பின்பற்ற வேண்டும்.

பதக்கம் போன இடம்

2015ஆம் ஆண்டின் பரிசை சன்ஜார் இருவரோடு பகிர்ந்துகொண்டார். சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லிண்டால், டி.என்.ஏ. தானாகவே சிதையக்கூடியது என்பதையும் ஒற்றை எழுத்துப் பழுது நீக்கப்படும் முறையையும் கண்டவர். அமெரிக்கரான பால் மாட்ரிச், படியெடுக்கும்போது விழும் பிழைகள் திருத்தப்படும் முறையைக் கண்டவர். மாட்ரிச் பணியாற்றிய டியூக் பல்கலைக்கழகம் சேப்பல் ஹில்லுக்குப் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. துருக்கியருக்கு அறிவியலில் கிடைத்த முதல் நோபெல் பரிசு இதுதான். அதற்கு முன் 2006இல் எழுத்தாளர் ஓர்ஹான் பாமுக் இலக்கியத்துக்காகப் பெற்றிருந்தார்.

அந்தப் பதக்கத்தை சன்ஜார் தம் வீட்டு அலமாரியில் வைக்கவில்லை, பல்கலைக்கழகத்துக்கும் கொடுக்கவில்லை. 2016 மே 19ஆம் நாள் துருக்கியின் தலைநகர் அங்காராவில், அத்தாதுர்க்கின் நினைவிட அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார். தம்மைப் படிக்க வைத்தது குடியரசின் கல்விச் சீர்திருத்தம்தான். எனவே பதக்கம் அந்நாட்டுக்கே உரியது என்பது அவர் சொன்ன காரணம். சவூரின் ஏழாவது பிள்ளைக்கு ஓர் ஆசிரியரை அனுப்பி வைத்த நாட்டுக்கு அவர் திருப்பிச் செலுத்திய கடன் அது.

இன்னொரு கடனையும் அவர் மறக்கவில்லை. 1971இல் மொழி தெரியாமல் தனித்துக் கிடந்த அந்த மாதங்கள் அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும். நோபெல் பரிசுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவரும் க்வென்னும் ஓர் அறக்கட்டளையை நிறுவி, சேப்பல் ஹில்லில் துருக்கி மாணவர்களுக்காக ஒரு வீட்டை அமைத்தார்கள். புதிதாக வரும் ஆய்வு மாணவர்கள் தங்கவும், தம் மொழி பேசவும், உள்ளூர் மக்களோடு பழகவும் ஓர் இடம். வந்த ஊரில் ஒண்ட ஓர் இடமும் பேச நாலு மனிதரும் வேண்டும் என்றுதானே நம் முன்னோரும் சங்கங்களை உண்டாக்கினார்கள்!

நம் வீடுகளுக்கு

சன்ஜாரின் வாழ்க்கையை 2015இலிருந்து திரும்பிப் பார்த்தால் எல்லாம் வெற்றியாகத் தெரியும். 1972இல் நின்று பார்த்தால் அவர் வெளிநாடு போய்த் தோற்றுத் திரும்பியவர். 1977இல் நின்று பார்த்தால், டாக்டர் வேலையை விட்டுவிட்டு உதவியாளர் வேலைக்குப் போனவர். அந்த ஆண்டுகளில் நம் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு அவர் வந்திருந்தால், நாம் அவரை எப்படி விசாரித்திருப்போம் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போம்.

நம் சங்கத்தின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பலர் மருத்துவம், பொறியியல், கணக்கியல் என்று எழுதுகிறார்கள். எழுதட்டும்; நம் சமூகத்துக்கு அவர்களும் வேண்டும். ஆனால் ஏதோ ஒரு பிள்ளை, மகனோ மகளோ, வேதியியல் என்றோ உயிரியல் என்றோ எழுதி, அதைப் பெற்றோரிடம் சொல்லத் தயங்கி நிற்கக்கூடும். தொடக்கக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு கேள்வி அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப் பத்தாண்டும் ஆகலாம், இருபதாண்டும் ஆகலாம். கிடைக்காமலும் போகலாம். ஆய்வு என்பது அப்படித்தான்.

அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுக்கக்கூடியது பணத்தைவிடப் பெரியது ஒன்று உண்டு: பொறுமை. "எப்போது சம்பாதிக்கப் போகிறாய்" என்ற கேள்வியைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடும் பொறுமை. சவூரில் அந்தத் தாயும் தந்தையும் தம் பிள்ளை படித்த புத்தகத்தில் ஒரு வரியையும் வாசித்திருக்க முடியாது. ஆனாலும் படிக்க விட்டார்கள். படித்தவர்களாகிய நமக்கு அது கடினமாக இருக்கக் கூடாது.